படுவான்கரை: வாவிக்கு மேற்கே ஒரு நெல்நாடு

மட்டக்களப்பு என்றதும் பிற ஊரார்க்கு முதற்கண் நினைவில் எழுவது பாடும் மீன். சேர் எமர்சன் தெனன்ற் என்னும் ஆங்கில அதிகாரி நிலாக் காலத்தில் தோணியிற் சென்று அவ்வொலியைக் கேட்டு, 1859 இல் வெளியான தம் இலங்கை நூலில் எழுதிவைத்தார். சுவாமி விபுலாநந்தரும் அதனை நீரர மகளிரின் பாடலாகக் கற்பித்துச் செய்யுள் யாத்தார். அவ்விசையின் பெருமையைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், மீன் பாடும் அவ்வாவியின் மேலைக்கரையில் நெல் விளையும் நாடொன்று கிடக்கின்றது. மட்டக்களப்பார் உண்ணும் சோற்றிற் பெரும்பகுதி ஆங்கிருந்தே வருகின்றது. அவர்தம் குடிமுறை, கோயில்முறை, சொத்துமுறை ஆகியவற்றின் வேரும் ஆங்கே உள்ளது. அந்நாட்டின் பெயர் படுவான்கரை. அதனைப் பற்றி அறிந்தோர் எம்மவருள்ளும் மிகுதியாக இல்லை.

வாவியானது வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அடுத்த பகுதி வரை, கடற்கரைக்குச் சமாந்தரமாக, ஏறக்குறைய 35 மைல் நீண்டு கிடக்கின்றது. அதற்கும் கடலுக்கும் இடையே உள்ளது ஒடுங்கிய மணற்றரை. ஞாயிறு எழும் திசையில் உள்ளமையால் அஃது எழுவான்கரை எனப்பட்டது. ஞாயிறு படும் திசையில் உள்ளது படுவான்கரை. காலையும் மாலையும் வாவியின் மேல் நின்று நோக்கிய உழவனோ ஓடக்காரனோ இப்பெயர்களை இட்டிருத்தல் வேண்டும். நில அளவைக்காரர் இட்ட எந்தப் பெயரும் இவ்வளவு தெளிவாக ஒரு நாட்டை வகுத்துக் காட்டவில்லை.

எழுவான்கரையில் தென்னையும் வீடுகளும் நெருங்கியுள்ளன. ஊருக்கும் ஊருக்கும் எல்லை காண்டல் அரிது. படுவான்கரைக்கு வந்தவுடன் காட்சி மாறும். வவுணதீவிலிருந்து கொக்கட்டிச்சோலை, அம்பிளாந்துறை, பழுகாமம், மண்டூர், வெல்லாவெளி வரை, கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையான வெளியே. இடையிடையே சிறு பாறைக்குன்றுகள். தொலைவிலே மேற்குத் திசையில் காடு. ஊர்ப்பெயர்களை ஒருமுறை உரக்கப் படித்தாலே நிலத்தின் இயல்பு புலனாகும். மகிழடித்தீவு, அரசடித்தீவு, முனைத்தீவு, போரதீவு என்பன கடல் நடுவே உள்ள தீவுகள் அல்ல. மாரி வெள்ளம் சூழ்ந்தபோது நீருக்கு மேல் நின்ற மேட்டுநிலங்கள். வெல்லாவெளி வெளியைக் குறிக்கும். பன்சேனை காடழித்துச் சேனை செய்த இடத்தைக் குறிக்கும். பழுகாமம், உறுகாமம் என்பவற்றிற் காணப்படும் ‘காமம்’ கிராமம் என்னும் சொல்லின் திரிபு. சிங்களமும் தமிழும் இந்நிலத்திற் பன்னெடுங்காலம் அடுத்தடுத்து வழங்கின என்பதற்கு அது சான்று.

யான் வெளிவாரிப் பட்டத்தேர்வுக்குப் புவியியல் படித்த காலத்தில், வட அமெரிக்காவின் பிரெய்ரிப் புல்வெளிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப் பழகினேன். கரிய மண், கோதுமை, தானியக் களஞ்சியம், இருப்புப்பாதை எல்லாம் மனப்பாடம். வாவிக்கு அப்பால் கிடந்த வெளியைப் பற்றி ஒரு வினாவும் வந்ததில்லை. பாடத்திட்டம் வகுத்தோரை நோவதிற் பயனில்லை. ஒப்பிட்டு நோக்கின் அப்படிப்பும் பயன்படும். அமெரிக்கர் 1785 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம் புல்வெளியை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகக் கோடு கிழித்துப் பிரித்தனர். 1862 இல் வந்த குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர் செய்தவனுக்கு 160 ஏக்கர் தந்தது. ஆங்கே அளவைக்காரன் முன்னே போனான். உழவன் பின்னே வந்தான். உழவன் தன் நிலத்தின் நடுவிலேயே வீடு கட்டி வாழ்ந்தான். படுவான்கரையில் நடந்தது இதற்கு மாறானது. எல்லையை வகுத்தது நீர். உடையவருட் பலர் வயலில் வாழவில்லை; வாவிக்கு இப்பால், எழுவான்கரையில் வாழ்ந்தனர். ஊர் ஒரு கரையிலும் வயல் மறுகரையிலும் இருந்தமையே இந்நாட்டு வரலாற்றின் திறவுகோல் என்பது என் கருத்து.

இதனை விளங்குதற்கு மழையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். மட்டக்களப்பு உலர்வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றால் பெய்துவிடும். வைகாசிக்குப் பின்னர் மேற்கிலிருந்து கச்சான் வீசும். (ஈண்டுக் கச்சான் என்றது காற்றை, வறுத்து உண்ணும் கடலையை அன்று.) மத்திய மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மலையிறங்கி வெந்து வருகின்ற அக்காற்றில் குளமும் புல்லும் வற்றும், தலைவலியும் கண்நோயும் வரும் என்பது ஊரார் அனுபவம். ஆகவே உழவன் வாழ்வு மாரி மழையோடு பிணைந்தது. மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்து வானத்தை நம்பியிருப்பது முன்மாரி வேளாண்மை. மாவடிமுன்மாரி என ஓர் ஊரின் பெயரிலேயே அது நிலைபெற்றுவிட்டது. வாவியோரப் பள்ளநிலங்களில் வெள்ளம் வடிந்தபின் விதைப்பது இன்னொரு முறை. உன்னிச்சை, உறுகாமம், நவகிரி ஆகிய குளங்களின் கீழுள்ளோர்க்கு மாத்திரமே கச்சான் காலத்திலும் ஒரு சிறுபோகம் கிட்டும்.

விதைப்பும் அறுவடையும் வருகின்ற மாதங்களில் வாவியைக் கடந்து போய், வயலிலே வாடி அமைத்துத் தங்கி, வேலை முடிந்தபின் நெல்லோடு மீளுதல் பழைய வழக்கம். இவ்வாழ்க்கைக்கு ஏற்ற அமைப்பொன்றும் உருவாயிற்று. வயற்பரப்புகள் வட்டை எனப்படும். ஒரு வட்டையில் பலர் காணி இருக்கும். அவர்களெல்லோரும் ஒரே காலத்தில் வேலி அடைத்து, ஒரே காலத்தில் மாடுகளை அகற்றி, ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சவேண்டும். ஒருவன் பிந்தினால் அவன் விட்ட வேலியிடைவெளி வழியே மாடு புகுந்து அனைவர் பயிரையும் அழித்துவிடும். ஆதலின் வட்டை விதானை என ஒருவர் நியமிக்கப்பட்டார். நீர்ப்பங்கு, வேலி, கட்டாக்காலி மாடு ஆகிய மூன்றும் அவர் பொறுப்பு. ஊதியம் நெல்லாகக் கிடைக்கும். பெருநிலம் உடையவர் போடியார் எனப்பட்டார். அவர் வயலை நடத்தியவர் முல்லைக்காரர். அவரின் கீழ் வேலையாட்கள். போடியார் விதைநெல்லும் மாடும் சாப்பாடும் கொடுப்பார். களத்திலே கணக்குத் தீர்க்கப்படும். கணக்குத் தீர்ந்தபின் முல்லைக்காரர் கையில் எஞ்சுவது சில வேளைகளில் அடுத்த ஆண்டுக்கான கடனாகவே இருக்கும். பழம்பெருமை பேசுவோர் போடியாரின் கொடைத்திறத்தைப் பேசுவது போல இதனைப் பேசுவதில்லை.

சூடடிக்கும் களத்திற்கென்றே தனிச்சொற்கள் உண்டு. ஆங்கே நெல்லை நெல் என்று கூறலாகாது. பொலி என்றே கூறவேண்டும். களத்துட் செருப்பணிந்து புகுதல் தவறு. மாடுகளை வளைத்து ஓட்டும்போது பாடும் பொலிப்பாட்டுகள் இரவெல்லாம் கேட்கும். உழவு யந்திரமும் பின்னர் அறுவடை யந்திரமும் வந்தபின் இவையெல்லாம் அருகிவிட்டன. பண்டிதர் வீ. சீ. கந்தையா அவர்கள் 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூல் இத்தகைய வழக்குகளைத் தொகுத்து வைத்திராவிடின், இன்றைய மாணவர்க்கு இவை கட்டுக்கதையாகவே தோன்றும்.

சொத்துரிமையிலும் இரு கரை வாழ்க்கையின் சாயல் உண்டு. மட்டக்களப்பிலே குடி என்பது தாய்வழியே வருவது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மணமகன் பெண் வீட்டிற்கு வந்து வாழ்வான். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழமையின்படி, முதுசம் ஆகிய பரம்பரைச் சொத்து ஒருவன் மக்களைச் சேராமல் அவன் உடன்பிறந்தாளின் மக்களைச் சேர்ந்தது. வயல் துண்டு துண்டாகச் சிதறாமல் குடிக்குள்ளேயே நின்றதற்கு இவ்வழமை துணைசெய்தது எனலாம். கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவர் 1876 இல் இச்சட்டத்தை ஆராய்ந்து நூலாக வெளியிட்டார். அதே 1876 இல் வந்த 15 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இவ்வழமையின் வலிமையைப் பறித்தது. நூல் வெளிவந்தபோதே பொருள் மறையத் தொடங்கிவிட்டது! எனினும் தாய்வழிக் குடி எண்ணமும், மகளுக்கு வீடு கொடுக்கும் கடப்பாடும் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் நிலைத்துள்ளன.

இனி வரலாற்றிற்கு வருவோம். எஃப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் 1962 இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, கலிங்க நாட்டிலிருந்து வந்த உலகநாச்சி என்னும் அரசகுமாரி மண்முனையை ஆண்டாள் எனக் கூறும். 1215 இல் இலங்கை மீது படையெடுத்த மாகனைக் கோயில்முறையும் குடிமுறையும் வகுத்தவனாகவும் அது போற்றும். இவற்றை அவ்வாறே சரித்திரமாகக் கொள்ளல் இயலாது; காலக்கணக்குப் பொருந்தாத இடங்கள் பல. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. மரபுக் கதைகளிற் பழமையும் சிறப்பும் பெறும் கோயில்களுட் பல படுவான்கரையில் உள்ளன. தேன் எடுக்கச் சென்ற வேடன் வெட்டிய கொக்கட்டி மரத்திலிருந்து குருதி பெருகிற்று என்னும் கதையோடு கூடிய கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் ஒன்று. பூசகர் வாயை வெண்டுகிலாற் கட்டி, மந்திர ஒலியின்றிப் பூசை செய்யும் மண்டூர் முருகன் கோயில் மற்றொன்று. அதனைச் சின்னக் கதிர்காமம் என்பர். தேசத்துக் கோயில்கள் எனப் போற்றப்படும் இத்தகைய தலங்களின் திருவிழாக்களிலே, எந்தக் குடியார்க்கு எந்தக் கடமை, யார்க்கு முன்மரியாதை என்பன வகுக்கப்பட்டிருந்தன. எழுவான்கரையார் வாவியைக் கடந்து வந்து தேர்வடம் பிடித்தபோது, தம் குடியின் வரிசையையும் நிலத்தின் மீதுள்ள உரிமையையும் ஒருங்கே உறுதிசெய்தனர். கோயிலின் கல் நந்தி புல்லைத் தின்று, அழிக்க வந்த போர்த்துக்கேயரை அஞ்சி ஓடச்செய்தது என்ற கதையும் கொக்கட்டிச்சோலையில் வழங்குகின்றது.

ஐரோப்பியர் வந்தது கடல்வழி. ஆதலின் அவர்கள் கண்டது எழுவான்கரை. 1602 இல் ஒல்லாந்துக் கப்பற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணச் சென்றார். கண்டிக்குக் கடலை நோக்கிய வாயில் மட்டக்களப்பே என்பதைப் போர்த்துக்கேயர் உணர்ந்து, 1628 இல் புளியந்தீவிலே கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகளின் பின், 1638 மே மாதத்தில், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அம்மாதத்திலேயே இரண்டாம் இராசசிங்கனோடு ஒப்பந்தமும் செய்தனர். 1795 இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இவ்வளவும் பள்ளி மாணவர் படிப்பதுதான். கோட்டைக்கு உள்ளிருந்தோர் எவரேயாயினும் அவர்க்கு வேண்டிய நெல் மேற்கே விளைந்தது என்பதும், நாட்டை உண்மையில் நடத்தியோர் பற்றுகளின் தலைவரான வன்னிமைகளும் போடிமாருமே என்பதும் சொல்லப்படுவதில்லை. மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று, எருவில்பற்று, ஏறாவூர்ப்பற்று என்னும் அப்பழைய பிரிவுகளின் பெயர்களே இன்றும் பிரதேச செயலகங்களின் பெயர்ப்பலகையில் உள்ளன.

ஆங்கில ஆட்சி செய்தவற்றுள் மூன்று படுவான்கரையை ஆழமாகத் தொட்டன. முதலாவது 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம். உரிமை காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியன என்று அது கூறியது. வட்டைக்கு மேற்கேயிருந்த காடு, அதுகாறும் ஊராரின் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தேனுக்கும் சேனைக்கும் உரியதாயிருந்தது. ஓலை உறுதியில்லாத அவ்வுரிமை ஒரே எழுத்தில் ஐயத்துக்குரியதாயிற்று. பிரெய்ரியின் பூர்வகுடிகள் தம் வெளியை இழந்ததும் இத்தகைய எழுத்தினாலேயே. இரண்டாவது, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1856 இல் கொணர்ந்த நீர்ப்பாசனச் சட்டம். உழவரின் பழைய நீர் வழமைகளுக்கு அது சட்ட வலிமை தந்தது. வட்டை விதானையின் சொல்லுக்கு அரசின் துணையும் கிடைத்தது. வார்ட் காலத்திலேயே தெற்கே இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பெற்றன. மூன்றாவது, 1892 இல் நெல்வரி நீக்கப்பட்டமை. வரி கட்ட முடியாது காணியை ஏலத்தில் இழந்தோர் இலங்கையின் பல பாகங்களிலும் இருந்த காலம் அது.

வாவியைக் கடக்கும் வழிகளைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். எம்மவர் பேச்சிலே பாதை என்பது தரைவழியை மாத்திரம் குறிப்பதன்று. மனிதரையும் வண்டியையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவையும் பாதையே. இதனைக் கேட்டு நகைக்கும் வெளியூர் நண்பர்க்கு யான் கூறும் விடை, எமக்கு வேறு பாதை இருக்கவில்லை என்பதுதான். மண்முனை, குருக்கள்மடம், குறுமண்வெளி எனத் துறைகள் பல. நகரையும் கல்லடியையும் இணைக்கும் மனிங் சீமாட்டி பாலம் 1924 இல் கட்டப்பட்டது. 1928 இல் புகைவண்டி நகரை அடைந்தது. இரண்டும் எழுவான்கரைக்கும் கொழும்புக்கும் பயன்பட்டன. கொக்கட்டிச்சோலைக்குப் போகும் மண்முனைத் துறையில் பாலம் வந்தது 2014 இல். இரு பாலங்களுக்கும் இடைப்பட்டது தொண்ணூறு ஆண்டு. இந்தத் தொண்ணூறு ஆண்டுகளில் பாதை வரும்வரை துறையிலே காத்துநின்ற கர்ப்பிணிகளையும் நோயாளரையும் மாணவரையும் எவரும் கணக்கெடுக்கவில்லை. காற்றும் மழையும் மிகுந்த நாளிற் பாதை ஓடாது. அன்று ஆசிரியர் வாராமையால் பாடசாலையும் நடவாது. படுவான்கரைப் பிள்ளைகள் படிப்பிற் பின்னிற்கின்றனர் என்று கூட்டங்களிற் பேசுவோர் இதனையும் சேர்த்துப் பேசுதல் நன்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுவிலே நாட்டின் வடிவமே மாறிற்று. 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துப் பெருங்குளமொன்றை ஆக்கியது. குடியேற்றங்கள் பல எழுந்தன. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, பழைய மட்டக்களப்பின் தென்பாலிருந்த பெரும் நெல்வெளிகள் அதனோடு போயின. எஞ்சிய மட்டக்களப்புக்குப் படுவான்கரையே முதன்மையான நெற்களமாயிற்று. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவர் வைத்திருக்கத்தக்க வயலை 25 ஏக்கராக வரையறுத்தது. போடியார் என்னும் சொல் மரியாதைக்காக எஞ்சியது.

1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளியைக் கண்டோர் அந்நாளைக் கொண்டே இன்றும் பிறந்தநாள், இறந்தநாள் கணக்கிடுவர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எழுவான்கரையின் மணற்றரையைச் சிதைத்தபோது வாவி படுவான்கரைக்கு அரணாக நின்றது. ஆயின் போர்க்காலத்தில் அதே வாவி எல்லைக்கோடாயிற்று. 2002 க்கும் 2006 க்கும் இடைப்பட்ட காலத்தில், நகரும் எழுவான்கரையும் அரசின் கீழும் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கீழும் இருந்தன. துறைகளிலும் பாலங்களிலும் சோதனைச் சாவடிகள். 2007 இன் தொடக்கத்தில் படுவான்கரை மக்கள் ஆயிரமாயிரமாய் வாவியைக் கடந்து, கூடாரங்களிலும் பாடசாலைகளிலும் தங்கினர். வயலுக்காக மேற்கே கடந்த முன்னோரின் வழியே உயிருக்காகக் கிழக்கே கடந்தனர். ஆண்டு முடியுமுன் பலர் மீண்டனர். வரம்பு தெரியாது காடேறிக் கிடந்த வயலில் மறுபடியும் விதைத்தனர்.

மாடுகளைப் பற்றிய செய்தி பழையதாயினும் இன்றைய வழக்காகவும் உள்ளது. பெரும்போகத்தில் வயல்களுக்கு வேலி அடைத்தபின், பட்டிமாடுகள் மேற்கே காட்டோர மேய்ச்சற்றரைக்குப் போகவேண்டும். அறுவடைக்குப் பின் வயலுக்கு மீண்டு தாள் மேயும். அவற்றின் எருவே வயலுக்கு உரம். எருமைத் தயிருக்கு மட்டக்களப்பு பெற்ற பெயர் இவ்வோட்டத்தால் வந்தது. மேய்ச்சற்றரை சுருங்கினால் மாடு நிற்க இடமில்லை. மாடு நின்றால் பயிர் பிழைப்பதில்லை. மயிலத்தமடு, மாதவனைப் பகுதி மேய்ச்சல் நிலங்களில் வெளியிடத்தார் வந்து பயிரிடுவதை எதிர்த்து, பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடர்போராட்டம் தொடங்கினர். 1840 இல் எழுந்த வினா, மேய்ந்து வந்த உரிமைக்கு எழுத்து எங்கே என்பது, இன்னும் விடையின்றியே நிற்கின்றது.

இறுதியாக நீர். உன்னிச்சைக் குளத்து நீர் இன்று குழாய்வழியே எழுவான்கரை நகரத்தார்க்கும் குடிநீராகின்றது. மாரியில் மேற்கேயிருந்து வரும் வெள்ளமெல்லாம் வாவியிலே சேரும். வாவிக்குக் கடல்வாய் இரண்டு: வடக்கே பாலமீன்மட்டு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம். கோடையில் மணற்றிட்டு இவற்றை அடைத்துவிடும். மழை மிகுந்து வாவி நிரம்பினால், திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடவேண்டும். பள்ள வயலுடையோர் விரைந்து வெட்டுமாறு கேட்பர். குடலைப்பருவத்துப் பயிர் நாட்கணக்கில் நீருள் நின்றால் அழுகிவிடும். காலத்துக்கு முன் வெட்டின் மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும், உவர் ஏறும் என்பர் வாவி மீனவர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. 2011 சனவரி வெள்ளத்தில் அறுவடையை நெருங்கியிருந்த வயல்கள் மூழ்கியபின் இவ்வழக்கு இன்னும் கூர்மையடைந்தது. வெட்டும் நாளைப் பற்றிய பேச்சு கச்சேரியில் நடக்கும். வட்டை விதானைமார் தம் வயலின் எந்த வரம்பு வரை நீர் ஏறியுள்ளது என்று சொல்வர். மீனவர் சங்கத்தார் வலையில் என்ன படுகின்றது என்று சொல்வர். திட்டை வெட்டியதும் நீர் இரைந்துகொண்டு கடலை நோக்கி ஓடும். கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்களில் அது தெரியச் சில நாள் செல்லும்.